மனிதர் அல்லாத இருபத்தேழு பேர்

ஏப்ரல் 15, 2024, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் இன்று தொடங்கிவிட்டது. இனி அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய ஏலம் இல்லை. ஏலம் இல்லாததால் என் மாமியாருக்கு மீன் வியாபாரம் இல்லை. அவருக்கு வியாபாரம் இல்லாததால் எனக்குச் சாப்பாட்டு மேசை இல்லை. காலை பத்து மணிக்கே அதன்மேல் ஒரு முறம் அரிசி வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த மேசைதான் என் அலுவலகம். செவ்வாயும் வியாழனும் மட்டும் பெருங்குடியில் கம்பெனிக்குப் போகிறேன். மற்ற நாட்களில் ராயபுரத்து வீட்டிலிருந்தபடியே ‘முத்துக்கடல்’ என்ற கைப்பேசி விளையாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறேன். திரையைத் தொட்டு வலை வீசினால் மீன் விழும். மீனுக்கு முத்து கிடைக்கும். முத்தைக் கம்பெனியிடம் கொடுத்தால் நிஜப் பணம். மனிதர்கள் ஆடினால் தொல்லையில்லை, கை வலித்தால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் தானாகத் திரையைத் தொடும் நிரல்களை, அதாவது பாட்களை, நூற்றுக்கணக்கில் ஓடவிட்டு முத்தை அள்ளுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. முத்து பெருகினால் மதிப்பு விழும். ஜனவரியில் ஒரு முத்து ஒரு ரூபாய். இன்று நாற்பது பைசா.

ஜூன் 15-க்குள் எழுபது பைசாவுக்கு ஏற்றிக் காட்டினால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெரிய கும்பிடு. முப்பத்தெட்டு வயதில் இரண்டாவது முறை வேலை தேட எனக்குத் தெம்பு இல்லை.

அத்தையிடம் இதை மூன்று முறை விளக்கிவிட்டேன். தெருவில் ‘மாப்ள பேங்க்ல கீறாரு’ என்று சொல்லிவைத்திருக்கிறார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். அத்தை விரலில் மையை அதிகமாக வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கிவந்தார்.

ஏப்ரல் 24, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

MANI01 முதல் MANI27 வரை இருபத்தேழு கணக்குகள். எல்லாம் ஏப்ரல் 16 அன்று ஒரே கைப்பேசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டவை. எல்லாம் ஒரே இணைய இணைப்பு. தினமும் காலை ஆறு மணிக்கு, இரட்டை முத்து நேரம் ஆரம்பித்ததும், மணியடித்தது போல இருபத்தேழும் வலை வீசுகின்றன. ஒருவரோடு ஒருவர் அரட்டைப் பெட்டியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சனிக்கிழமை சேர்த்த முத்து முழுவதும் ஒரே கணக்குக்குப் போகிறது. போன சனிக்கிழமை அது MANI09.

இடம் ‘சென்னை’ என்று காட்டுகிறது. சுத்தப் பொய். இடத்தை மாற்றிக் காட்டுவதில் இவர்கள் கில்லாடிகள்.

மணி என்கிற அந்த மூளை எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறானோ.

ஏப்ரல் 25, வியாழன்

அலுவலகத்தில் ரஞ்சித்திடம் சொன்னேன். முதலாளி, இருபத்தேழு வயது, எல்லாரும் அவருக்கு ‘ப்ரோ’. “ப்ரோ, இது இன்டர்நேஷனல் கும்பல் ப்ரோ. விடாதீங்க,” என்றார். எனக்குக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் இரவு சாப்பிடும்போது அத்தை கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தார். வலிக்கிறதா என்றேன். “கூடை தூக்குற கை மாப்ள, சும்மா இருந்தா இப்டித்தான் வலிக்கும்,” என்றார். மீன் இல்லாத ஏலக் கூடத்துக்கு தினமும் ஐந்தரைக்கு எழுந்து எதற்குத்தான் போகிறாரோ. பழக்க தோஷம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று முத்தெல்லாம் MANI14-க்குப் போயிருக்கிறது. ஆக, வாரம் ஒரு கணக்கு. தடயத்தை மறைக்கும் தந்திரம்.

இன்று காலை மாதா கோயில் ஏழு மணிப் பூசையில், பிரசங்கத்தின்போது, கைப்பேசியை ஜெப புத்தகத்துக்குள் வைத்துக் கண்காணித்தேன். ஆறு ஐம்பதுக்கே இருபத்தேழில் பதினான்கு கணக்குகள் ஒரே சமயத்தில் நின்றிருந்தன. இரட்டை முத்து நேரத்தில்! மனிதப் பிறவி யாராவது இரட்டை முத்தை விடுவானா? ஒரு சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள். வேறு விளக்கமே கிடையாது.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நற்கருணை வாங்கவே கூச்சமாகிவிட்டது. பூசை முடிந்ததும் திட்டினார்: “கோயில்லகூட போனா? ரெண்டு மணி நேரம் மூடி வைக்க முடியாதா? நான்லாம் வைக்கல?”

ஒன்பது மணிக்குப் பதினான்கும் மறுபடி ஓடத் தொடங்கின.

மே 3, வெள்ளி

காலை ஏழு முதல் ஒன்பது வரை மீதிப் பதின்மூன்றும் நின்றன. இரண்டாவது சர்வர்! ஞாயிறு ஒன்று, வெள்ளி ஒன்று. எவ்வளவு ஒழுங்கு. இவர்கள் திருடர்களாக இல்லாவிட்டால் வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

என் மனைவி ஜெஸ்லினிடம் காட்டினேன். கல்மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, எதையும் இரண்டு முறை சோதிக்காமல் நம்பமாட்டாள். “வெள்ளிக்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் மனுசங்க வேற எங்கியும் போகமாட்டாங்களாப்பா?” என்றாள். இதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

மே 4, சனி

இன்று மாலை 4.10-க்கு இருபத்தேழு கணக்குகளின் முத்தும் MANI03-க்குப் போய்ச் சேர்ந்தது. 4.11-க்குப் பூட்டினேன். கையும் களவுமாக.

அநியாயம் செய்பவன் அல்ல நான். பூட்டிய கணக்கைத் திறக்க ஒரு வழியும் வைத்திருக்கிறேன். ஒன்பது படம் வரும். ‘மீன்களைத் தொடவும்’ என்று கேட்கும். மனிதர் என்றால் தொட்டுவிட்டுப் போகலாம். நானே பெருங்குடி கடையில் படமெடுத்துச் செய்த சோதனை. ஒன்பதில் ஏழு மீன், ஒன்று செருப்பு, ஒன்று சீப்பு. குழந்தைகூடத் தேறும். தேறாவிட்டால் பதில் போகும்: ‘மன்னிக்கவும். நீங்கள் மனிதர் என்பதை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை. கடல் உங்களுக்காகக் காத்திருக்கும்.’ கடைசி வரி என் சொந்தக் கற்பனை.

ஏழு மணிக்குப் பார்த்தேன். இருபத்தேழு பேரும் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். இருபத்தேழு பேரும் தோல்வி! ஒருவர்கூட ஒரு மீனைத் தொடவில்லை!

அத்தை இன்று சாப்பிடவில்லை. தலைவலியாம்.

மே 7, செவ்வாய்

பகலில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக் மேல் ‘27’ என்று எழுதியிருந்தது. முதலீட்டாளர்களுக்குப் போகிற விளக்கத்தில் ‘இருபத்தேழு பேர் கொண்ட சர்வதேசக் கும்பல் முறியடிப்பு’ என்று ஒரு பக்கமே போட்டுவிட்டார் ரஞ்சித். என் புகைப்படத்தோடு.

இரவு இதை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது அத்தை தானாகவே ஆரம்பித்தார். “அந்த கேம எவனோ பூட்டிட்டான் மாப்ள.”

எந்த கேம் என்றேன்.

“அதான், வல போட்டு மீன் புடிக்கிறது. நெசமா மீன் இல்லாத நேரத்துல பொய்யாவாச்சும் புடிப்போம்னு நம்ம ஏலக் கூடத்து பொம்பளைங்க இருவத்தேழு பேரும் ஆடிகினு இருந்தோம். போன் கடை மணிதான் ஒரே நாள்ல எல்லாருக்கும் போட்டுக் குட்த்தான். மணி கடை நெட்டு ஏலக் கூடம் வரைக்கும் நல்லா வரும், எல்லாரும் அதுலியே ஒட்டிகினோம். தனித்தனியா ஆடுனா துட்ட எடுக்க வுட மாட்றான், அஞ்சாயிரம் முத்து இருந்தாத்தான் குடுப்பானாம். அதான் சீட்டு மாதிரி வாரம் ஒருத்தருக்குன்னு வெச்சோம். போன சனிக்கெழம முத்தம்மா மொற. ஐஸ் பொட்டி வாங்கணும்னு ஆசையா இருந்தா. கரீட்டா அந்த நேரம் பாத்து பூட்டிட்டான் கட்டைல போறவன்.”

ஐயாயிரம் முத்து வரம்பு நான் வைத்தது. சில்லறைத் திருடர்களைத் தடுக்க.

“அப்பால நீ மனுசனான்னு கேட்டு ஒம்போது படம் காட்றான். மீனத் தொடுன்றான். அதுல ஒண்ணுகூட மீனே இல்ல மாப்ள! வஞ்சரம்னு ஒண்ணு, கண்ணு பாலாட்டம் வெளுத்துகினு கீது. சங்கரா ஒண்ணு, வயிறு வெடிச்சி கீது. மூணு நாள் ஐஸ்ல கெடந்தத மீனுன்னு சொன்னா எவ தொடுவா? நான் ‘யாரும் தொடாதீங்கடி, இது ஏதோ ஏமாத்து வேல’ன்னுட்டேன். ஒருத்தியும் தொடல.”

ரசம் மூக்கில் ஏறிவிட்டது. அத்தை எழுந்து வந்து என் தலையில் தட்டினார். “மெதுவா மாப்ள. யாரோ நெனைக்கிறாங்க போல.”

மே 8, புதன்

பதினான்கு பேர் பூசைக்குப் போனார்கள். பதின்மூன்று பேர் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனார்கள். இதைத்தான் நான் சர்வர் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பதினான்கில் ஒருவர் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் முக்காடு போட்டு நின்றிருந்தார்!

அரட்டைப் பெட்டியில் பேசவில்லையாம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதற்குப் பெட்டியில் பேச வேண்டும்?

மே 9, வியாழன்

மற்றக் கணக்குகளை அலசினேன். செய்திருக்கக் கூடாது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கணக்குகள் என் மீன் சோதனையை ஒன்றரை நொடியில் முடித்திருக்கின்றன. ஏழு மீனும் சரி. செருப்பு, சீப்பு தொடவில்லை. மனிதக் கண்ணுக்கு ஒன்றரை நொடியில் ஒன்பது படம் பார்க்கவே வராது. இவைதான் நிஜ பாட்கள். இவற்றுக்கு நான் ‘சரிபார்க்கப்பட்ட மனிதர்’ என்று பச்சைக் குறி வேறு கொடுத்திருக்கிறேன்.

முத்து முப்பத்தாறு பைசா.

ரஞ்சித்திடம் தனியாகப் போய், அந்த இருபத்தேழு பேரும் மனிதர்கள், திறந்துவிடலாம் என்றேன். என் மாமியார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. “ப்ரோ, ஸ்லைடு போயிடுச்சு ப்ரோ. ஃபண்டிங் முடியற வரைக்கும் அவங்க பாட்தான்.”

திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால்? திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 10, வெள்ளி

முத்தம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கைப்பேசியை என் முன் மேசையில் வைத்து, “நீ கம்ப்யூட்டர்ல கீறவன்தான நைனா, இத்த இன்னான்னு பாரு,” என்றார். திரையில் என் வரி: கடல் உங்களுக்காகக் காத்திருக்கும்.

“எந்தக் கடலு காத்துகினு கீது? நாப்பது வருசமா கடலாண்ட நிக்கறேன், என்ன மனுசி இல்லன்னு ஒரு போன் சொல்லுது. வோட்டு போட்டேன், மை கீது பாரு!” விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

மூன்று நிமிடம் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று சொன்னேன். என்னை நானே திட்டிக்கொண்டேன்: சாவியோ, நீ எல்லாம் ஒரு ஆள்.

ஜெஸ்லின் சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா போனதும் கேட்டாள்: “நீதானா?” தலையாட்டினேன். “ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

மே 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து, சைக்கிள் டீக்காரரிடம் நிற்கும்போது சொன்னேன். வீட்டில் சொன்னால் கையில் ஏதாவது பாத்திரம் இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். போன வருடம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் என்னை வேலையை விட்டு அனுப்பியபோது, நாலு மாதம் இந்த மனுஷி மீன் விற்று எனக்குச் சாப்பாடு போட்டார். வேலை என்னாச்சு என்று ஒரு நாள் கேட்டதில்லை. தட்டில் மீனின் நடுத்துண்டு எனக்குத்தான் வரும். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நடுத்தெருவில் அழுகை வந்தது.

“அப்ப அந்தக் கட்டைல போறவரு நீங்கதானா, சார்?” என்றார்.

நீங்க. சார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை.

மே 13, திங்கள்

“சார், தோசை ஆறுது.” “சார், கொஞ்சம் காலத் தூக்கிக்கோங்க, பெருக்கணும்.” இதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் கேட்டார்: “உங்க ஆபீஸுக்கு எந்த பஸ்ஸு, சார்?”

மே 14, செவ்வாய்

ரயில், பஸ், ஷேர் ஆட்டோ மாறி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தை, முத்தம்மா, செங்கொடி, பவானி. நாலு பேர் கையிலும் சாப்பாட்டுத் தூக்கு. வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு அத்தை சொன்ன பதில்: “உங்க மொதலாளிய. நாங்கதான் அந்தக் கும்பலு.”

வாடிக்கையாளர் உதவிப் பிரிவு சினேகா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் பிடிக்கிற பக்கம் ஓடிவிட்டாள். ரஞ்சித் பாவம், நாலு பேரையும் கூட்ட அறையில் உட்காரவைத்தார். பெரிய திரையில் என் சோதனையைப் போட்டு, “ஆன்ட்டி, இதுல மீன் எது எதுன்னு தொட்டாப் போதும்,” என்றார். கொஞ்சம் நக்கலாகத்தான் சொன்னார்.

நாலு பேரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்கள்.

“இந்த கானாங்கெளுத்திய எவன்டா வாங்குவான்? தோலு பளபளப்பே இல்ல,” இது செங்கொடி.

“செவுளப் பாரு, கருத்துப்போய் கீது. செவந்து இருந்தாத்தான் மீனு. இது கலீஜு,” இது பவானி.

“ஆமா, நாங்க தொடல. தொடவும் மாட்டோம்,” என்றார் அத்தை. “இத்த தொட்டவன்தான் மனுசனே இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும் தொட்டன.

அந்த நேரம் பார்த்து ரஞ்சித்துக்கு மதியச் சாப்பாடு வந்தது. மீன் வறுவல். முத்தம்மா பெட்டியைத் திறக்கும்போதே மூக்கைச் சுளித்தார். “நைனா, வேணாம். மசாலா ஜாஸ்தி போட்டு மறைச்சிகினு கீறான். எங்க தூக்குல சோறு கீது, துன்றியா?” ரஞ்சித்துக்கு ரோஷம். அவர்கள் முன்னாலேயே கடைசித் துண்டு வரை சாப்பிட்டுக் காட்டினார். “யோசிச்சுச் சொல்றேன் ஆன்ட்டி,” என்று அனுப்பிவைத்தார்.

போகும்போது அத்தை என்னிடம், “வரேன், சார்,” என்றார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவர் என் மாமியார் என்று ரஞ்சித்திடம் அப்போதுதான் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மே 15, புதன்

ரஞ்சித் விடுமுறை. வயிற்றுப்போக்கு.

மே 16, வியாழன்

இன்றும் விடுமுறை. மதியம் கைப்பேசியில் குரல் வந்தது, மெலிந்து போய்: “ப்ரோ... அவங்க மனுஷங்கதான் ப்ரோ. திறந்துடுங்க.”

3.20-க்கு இருபத்தேழையும் திறந்தேன். MANI03-இல் முத்து பத்திரமாக இருந்தது. அப்படியே முத்தம்மா பெயருக்குப் பணமாக்கினேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “சந்தோசம், சார்,” என்றார்.

மே 20, திங்கள்

புதுச் சோதனை. ‘மீன்களைத் தொடவும்’ இல்லை. ‘இவற்றில் எதை வாங்குவீர்கள்?’

படங்களுக்கு அத்தையிடம்தான் போக வேண்டியிருந்தது. தடைக்காலத்திலும் சின்ன ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வருகின்றன, கொஞ்சம் மீன் வருகிறது. அதில் நல்லதும், ஐஸில் கிடந்ததும் கலந்து இருநூறு படம் கேட்டேன். ஏலத்தில் நிற்பது போலவே பேரம் பேசினார். படத்துக்கு இத்தனை முத்து, முன்பணம், மங்கலான படத்துக்கும் காசு. சம்மதித்தேன். வேறு வழி?

படங்கள் வந்தன. எனக்கு எல்லா மீனும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. விடைகளை அத்தையே எழுதிக் கொடுத்தார், அதை அப்படியே ஏற்றினேன். யாராக இருந்தாலும் மூன்று வாய்ப்பு. தவறினால் பூட்டு. செவுள், கண், தோல் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்திருக்கிறேன், ஊர் உலகத்தில் எல்லாரும் காசிமேட்டில் பிறக்கவில்லையே.

மே 24, வெள்ளி

பாட்கள் ஒன்பது மீனையும் தொடுகின்றன! செத்து ஒரு வாரமானதைக்கூடத் தொடுகின்றன! நாலு நாளில் எண்ணூற்று எழுபது பூட்டு!

முத்து நாற்பத்தொன்பது பைசா.

மே 28, செவ்வாய்

சினேகா ஒரு புகாரைக் கொண்டுவந்தாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்: ‘நான் சைவம். இதில் எதையும் வாங்கமாட்டேன். ஆகவே நான் மனிதன் இல்லையா?’

நியாயமான கேள்வி. கத்திரிக்காய்ப் படங்களும் சேர்க்கிறோம். புழு வைத்தது, வைக்காதது.

ஜூன் 5, புதன்

அறுபத்தொரு பைசா. அத்தை இன்னும் ‘சார்’ தான். நடுத்துண்டு இப்போது ஜெஸ்லின் தட்டுக்குப் போகிறது. எனக்கு வால்.

ஜூன் 13, வியாழன்

எழுபத்திரண்டு பைசா. ரஞ்சித் கட்டிப்பிடித்தார். நிரந்தர வேலைக் கடிதம் கையில். முதலீட்டாளர்களுக்கான விளக்கத்தில் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டார்: ‘இருபத்தேழு உள்ளூர் வல்லுநர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு.’ என் புகைப்படத்தை எடுத்துவிட்டு அத்தையின் புகைப்படம். மை வைத்த விரலோடு.

கடிதத்தை அத்தையிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்து, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

ஜூன் 15, சனி

தடைக்காலம் முடிந்தது. முத்தம்மாவின் புது ஐஸ் பெட்டியைத் துறைமுகத்தில் இறக்கும்போது மாலை போட்டிருந்தார்களாம்.

காலை ஆறு மணிக்கு இரட்டை முத்து நேரம் தொடங்கியது. MANI01 முதல் 27 வரை ஒன்றும் வலை வீசவில்லை.

எட்டு மணிக்கு ரஞ்சித் பதறிப்போய் அழைத்தார். “ப்ரோ, நம்ம டாப் பிளேயர்ஸ் இருபத்தேழு பேரும் காணோம் ப்ரோ! சர்வர் பிரச்சினையா?”

“இல்லை ரஞ்சித். அவர்களுக்கு வேலை வந்துவிட்டது,” என்றேன்.

ஜூன் 17, திங்கள்

அத்தை காலையில் கிளம்பும்போது கைப்பேசியை மேசையில், என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். “மொத்தம் அறுவது நாள் ஆடினா ஏதோ தங்க வலை குடுப்பானாமே, சார். எனக்கு நேரம் இல்ல. பூட்டின நாள மணி கடையில கேட்டேன், கணக்குல சேத்துட்டீங்களாமே. நடுவுல நான் வுட்ட ரெண்டு நாள்தான் பாக்கி. நீங்களே ஆடிடுங்க.”

MANI01. அத்தையின் கணக்கு. பெருமையாக உட்கார்ந்தேன். என் விளையாட்டு, என் விதிகள், எனக்குத் தெரியாததா?

எனக்கு வலை வீசவே தெரியவில்லை. ஆறு மாதம் இதன் பொருளாதாரத்தைத் தாங்கியிருக்கிறேன், ஒரு நாள் முழுதாக ஆடியதில்லை. ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினோராவது நிமிடம் திரை நின்றது. சந்தேகத்துக்குரிய நடத்தையாம். ஒன்பது படம் வந்தது. ‘இவற்றில் எதை வாங்குவீர்கள்?’

நிதானமாக, நான் எழுதிய குறிப்பை நானே படித்துவிட்டு, நாலு மீனைத் தொட்டேன். தவறு. வேறு ஒன்பது படம். ஜெஸ்லினைக் கூப்பிட்டேன், வேலைக்குப் போயிருந்தாள். மூன்றைத் தொட்டேன். தவறு. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டி இரண்டைத் தொட்டேன்.

‘மன்னிக்கவும். நீங்கள் மனிதர் என்பதை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை. கடல் உங்களுக்காகக் காத்திருக்கும்.’

சினேகாவைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க,” என்றாள்.

மதியம் அத்தை வந்தார். கூடை காலி, நல்ல வியாபாரம் போல. கைப்பேசியை நீட்டினேன். முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். நான் தொட்ட மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து போனேன். சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, முப்பத்தாறு நாள் கழித்துச் சொன்னார்:

“இத்தப் போய் வாங்குவியா மாப்ள?”

நாளை காலை நாலரைக்கு என்னைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். கூடை தூக்க ஆள் வேண்டுமாம். ரஞ்சித்துக்கு விடுப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் நடுத்துண்டு எனக்கு வந்தது.

நல்ல மீனாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு எங்கே தெரிகிறது.